பால் வாங்கப் போகவில்லை

ஐஸ் பெட்டியை நான்கு பேர் ஒருக்களித்துச் சாய்த்து வாசற்படியைத் தாண்டிக்கொண்டிருந்தபோதுதான் ஜெயப்பிரகாஷ் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நீங்க கடைசியா எத்தனை மணிக்கும்மா பாத்தீங்க?"

இளவரசி பெட்டியின் ஒயர் காலில் சிக்காமல் தூக்கிப் பிடித்தபடி டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். அந்தக் கூடத்தில் வேலை செய்யும் ஒரே பிளக் பாயின்ட் அங்கேதான் இருந்தது. வந்திருந்தவர்களில் அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"அஞ்சரைக்கு சார். காப்பி போட்டுக் குடுத்தேன். பாதி குடிச்சாங்க."

"அப்புறம்?"

"ஏழு மணிக்கு வந்தேன். சேர்ல சாஞ்ச மேனிக்கு இருந்தாங்க. தொட்டதுமே தெரிஞ்சிடுச்சு."

"நடுவுல ஒண்ணர மணி நேரம் இருக்கே. நீங்க எங்க இருந்தீங்க?"

"கிரவுண்டுக்குப் போயிருந்தேன். வெளயாட."

பெட்டியைத் தூக்கி வந்தவர்களில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்களின் பேச்சு நின்றது. ஜெயப்பிரகாஷ் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"வெளயாடவா?"

"ஆமா சார். ரிங்பால்."

பிளக் சரியாக உட்கார்ந்தது. பெட்டி ஒருமுறை உறுமிவிட்டு ஓடத் தொடங்கியது.

மங்கலத்துக்கு எழுபத்தேழு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து, முப்பத்தாறு வருஷம் ஷிஃப்ட் மாறி மாறி உழைத்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்னால், இரண்டு தெரு தள்ளி, இளவரசி வீட்டோடு சுவர் ஒட்டிய வீடு அவருடையது. ஜெயப்பிரகாஷ் அவருடைய தம்பி மகன். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, பள்ளிக்கூடத்திலிருந்து கல்லூரிவரை அத்தைதான் படிக்க வைத்தார். இப்போது சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் அலுவலகக் கண்காணிப்பாளர். காரில் வந்தால் ஒரு மணி நேரம். கடைசியாக வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

இளவரசி வேலை செய்வது குடிகாட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் லேபில். காலை ஏழு ஐம்பதுக்குக் கம்பெனி பஸ். அதைப் பிடிக்க அவள் நாலேகாலுக்கு எழுந்துவிடுவாள். மூன்று டிபன் பாக்ஸுக்குச் சோறு, குழம்பு, ஒரு பொரியல். அஞ்சரைக்கு மங்கலத்துக்குக் காப்பி. அஞ்சே முக்காலிலிருந்து ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்வரை மைதானம். ஏழு மணிக்கு மங்கலத்தைக் குளிக்க வைத்து, இட்லி கொடுத்து, மாத்திரையைக் கையில் வைத்து, அவர் விழுங்குவதைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவாள். சாயங்காலம் வந்தால் மறுபடியும் அடுப்பு, பாத்திரம், மகள் ஸ்ரீமதியின் யூனிஃபார்ம், மங்கலத்துக்குச் சப்பாத்தி, கண்ணுக்குச் சொட்டு மருந்து. ஞாயிற்றுக்கிழமை துணி. மாதத்துக்கு ஒரு தடவை மங்கலத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி. இதெல்லாம் இரண்டு வருஷமாக, மங்கலம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்புக்குக் கீழே ராடு வைத்ததிலிருந்து. யாரும் அவளைக் கேட்கவில்லை. முதல் நாள் ரசம் கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுநாள் மங்கலம் டம்ளரைக் கழுவி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அப்படியே ஆகிவிட்டது.

மங்கலம் நன்றி சொல்கிற ஆள் இல்லை. "ஒஞ் சாம்பார்ல பருப்பு இருக்குதான்னு டார்ச் அடிச்சுத்தான் பாக்கணும்" என்பார். காப்பி ஆறியிருந்தால் அதை வாங்கி அப்படியே கீழே வைத்துவிடுவார். ஆனால் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் நேரத்துக்கு வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஜன்னலருகே வந்திருப்பார்.

ரிங்பால் இளவரசிக்குப் பள்ளிக்கூடத்து விளையாட்டு. பிளஸ் டூ படிக்கும்போது மாவட்ட அளவில் இரட்டையர் ஆட்டம் ஆடியிருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு பதினெட்டு வருஷம் வளையத்தைத் தொட்டதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, நட என்று டாக்டர் சொன்னதால் மைதானத்துக்குப் போனவள், ஒரு மூலையில் நான்கு பெண்கள் வலை கட்டி ஆடுவதைப் பார்த்து நின்றாள். ஒரு வளையம் தவறி அவள் பக்கம் வந்தது. ஒரு கையால் பிடித்தாள். அன்றிலிருந்து நடக்கவில்லை, ஆடினாள். அந்த ஒரு மணி நேரம் அவளை யாரும் அம்மா என்று கூப்பிடுவதில்லை. பாயின்ட் மட்டும்தான் கேட்கும்.

இப்போது ஜெயப்பிரகாஷின் மனைவி புஷ்பவள்ளி அவளை மேலும் கீழும் பார்த்தாள். இளவரசி இன்னும் அந்தப் பழைய சுடிதாரில்தான் இருந்தாள். துப்பட்டாவைக் குறுக்காக இழுத்து இடுப்பில் முடிந்திருந்தாள். உடை மாற்ற நேரம் கிடைக்கவில்லை.

"டாக்டர் என்னா சொன்னாரு?" என்றாள் புஷ்பவள்ளி.

"ஹார்ட்டுன்னு சொன்னாரு. ஆறேகால் ஆறரைக்குள்ள இருக்கும்னாரு."

"பக்கத்துல ஆள் இருந்திருந்தா?"

இதே கேள்வியை இளவரசியும் டாக்டரிடம் கேட்டிருந்தாள்.

"சொல்ல முடியாதுன்னாரு" என்றாள்.

புஷ்பவள்ளி புடவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பெட்டியின் பக்கம் திரும்பினாள். ஜெயப்பிரகாஷ் எதையோ தேடுகிறவர் போல ஜன்னல் கட்டை, டீப்பாய், நாற்காலியின் அடி எல்லாவற்றையும் பார்த்தார்.

"அத்தையோட போன் எங்க?"

"எங்கிட்ட பத்திரமா இருக்கு சார். தர்றேன்."

"இப்பவே குடுத்துட்டீங்கன்னா..."

"தர்றேன் சார்."

வாசலில் பந்தல்காரனோடு நின்றிருந்த அவள் கணவன் ராஜ்கமல் கையசைத்துக் கூப்பிட்டான். கோண்டூர் பக்கம் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். இன்று திறக்கவில்லை. அவளை இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் இழுத்துக்கொண்டு போனான்.

"வெளயாடப் போனேன்னு எதுக்குடி சொன்ன?"

"போனேன். சொன்னேன்."

"பால் வாங்கப் போனேன்னு சொன்னா கொறஞ்சா பூடுவ? காலைல யாரு வேணா பால் வாங்கப் போவாங்க. எவனும் ஒரு வார்த்த கேக்க மாட்டான். இப்ப பாரு, உள்ள உக்காந்துக்கிட்டு எப்புடிப் பேசுதுங்கன்னு."

"பால் ஆறு மணிக்கு வீட்டுக்கே வந்துடுதுங்க."

"அது அவுங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும்ல."

ராஜ்கமல் கெட்டவன் இல்லை. மங்கலத்தின் வீட்டில் ஃபேன் நின்றுபோன இரவு கன்டென்சர் மாற்றிக் கொடுத்தவன் அவன்தான். ஆஸ்பத்திரியில் அவரைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் வைத்தவனும் அவன்தான். தெருவில் தலை குனியக் கூடாது என்பதுதான் அவனுடைய ஒரே பயம். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "போய்ப் பொடவ கட்டிக்கிட்டாவது வா" என்றான்.

வீட்டுக்கு வந்தாள். கம்பெனிக்கு இன்னும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது. லேப் இன்சார்ஜ் எடுத்ததுமே, "எங்கம்மா இருக்க? காலைல வந்த சாம்பிள் அப்படியே கெடக்குது" என்றார்.

"எறப்பு சார். இன்னிக்கு வர முடியாது."

"யாரு?"

"பக்கத்து வீட்டு அம்மா."

"பக்கத்து வீடா? சொந்தமா?"

"சொந்தம் இல்ல சார்."

"சொந்தம் இல்லன்னா எப்புடிம்மா லீவு போடுறது? மதியத்துக்கு மேலயாச்சும் வந்துடு."

"வர மாட்டேன் சார். லாஸ் ஆஃப் பே போட்டுக்குங்க."

அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். பன்னிரண்டு வருஷ வேலையில் இப்படிப் பேசியது இல்லை. புடவையை எடுத்து உதறிக் கட்டத் தொடங்கினாள். கொசுவம் மடிக்கும்போது, அறுவை சிகிச்சை முடிந்து மங்கலத்தை வீட்டுக்குக் கூட்டி வந்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

அப்போது மூன்று வாரம் அவள் மைதானத்துக்குப் போகவில்லை. அஞ்சரைக்குப் போனால் ஏழரைவரை மங்கலத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டாவது நாள் காப்பியோடு போனவள், டம்ளரைக் கொடுத்துவிட்டு வாசல் தெளிக்க வெளியே வந்தாள். திரும்பினால் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. வாக்கரை வைத்துக்கொண்டு எப்படித்தான் அத்தனை தூரம் வந்தாரோ.

"மங்கலம்மா, கதவத் தொறங்க."

"ஏழு மணிக்கு வா. தொறக்குறேன்."

"வெளயாட்ட உட்டுட்டேங்க. நீங்க எழுந்து நடக்குற வரைக்கும் போவல."

"ஏன் உட்ட?"

"உங்களுக்காகத்தான்."

உள்ளேயிருந்து, டிரங்க் கால் போட்ட காலத்துக் குரல், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது.

"எனக்காக எவளும் எதையும் உட வேணாம். அம்மாவுக்காக, தம்பிக்காக, தம்பி புள்ளைங்களுக்காகன்னு நான் உட்டது போதும். இன்னிக்கு வரைக்கும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மைக்கப் புடிச்சுக்கிட்டு எங்க அத்தை தியாகி, எங்க அத்தை தியாகின்றானுவ. அதக் கேக்குறப்பல்லாம் எழுந்து வந்துடலாமான்னு இருக்கும். இவளுக்காக அவ வெளயாட்ட உட்டான்னு நாளைக்கு ஒருத்தன் பேசக் கூடாது. கெளம்பு. அந்த ஒரு மணி நேரம் நான் ஒன்ன எதுக்கும் கூப்புட மாட்டேன். வீடே பத்திக்கிட்டு எரிஞ்சாலும் கூப்புட மாட்டேன்."

இளவரசிக்குக் கோபம் வந்தது. எவ்வளவு செய்தாலும் இந்தக் கிழவிக்குத் திமிர் அடங்காது என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கோபத்தோடேயே மைதானத்துக்குப் போனாள். அன்று மூன்று ஆட்டமும் ஜெயித்தாள்.

கொசுவத்தைச் செருகிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். அரிசி டப்பாவுக்குப் பின்னால் மங்கலத்தின் போன் இருந்தது. பெரிய பெரிய எண்கள் போட்ட பட்டன் போன். நாற்காலிக்குக் கீழே விழுந்து கிடந்ததைக் காலையில் அவள்தான் எடுத்தாள். யாருக்காவது சொல்ல வேண்டுமே என்று திறந்தபோது முதல் வரியிலேயே இருந்தது. ஜெயா, 6.14. ஜெயப்பிரகாஷை மங்கலம் அப்படித்தான் கூப்பிடுவார். அந்தப் பக்கம் எடுக்கவில்லை. அதன் பிறகு எந்த அழைப்பும் இல்லை. அந்தப் போனை அப்படியே வைத்துவிட்டுத் தன் போனிலிருந்துதான் ஜெயப்பிரகாஷுக்குச் செய்தி சொன்னாள்.

ஒன்றாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் இளவரசி. இரண்டு என்றால் ஜெயப்பிரகாஷ். அவள்தான் அப்படிப் பதிந்து கொடுத்தாள். மங்கலத்துக்கு அது குழம்பியதே இல்லை. எண்களிலேயே வாழ்ந்தவர். அவர் இரண்டைத்தான் அழுத்தியிருக்கிறார். இளவரசியின் போன் அந்த நேரத்தில் வலைக் கம்பத்தில் மாட்டிய பையில் இருந்தது. மணி அடித்திருந்தால் கேட்டிருக்கும். ஓடி வந்தால் மைதானத்திலிருந்து வீடு நான்கு நிமிடம்.

"என்னா பாக்குற?"

ராஜ்கமல் பின்னால் வந்து நின்றிருந்தான். போனை வாங்கிப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"அடப்பாவி. இவுருக்குத்தான் போன் போட்டிருக்காங்க. எடுக்கல. அத மறச்சுக்கிட்டு ஒன்னப் போயி நிக்க வச்சு கேள்வி கேக்குறாரா? குடு, நான் கேக்குறேன் எல்லார் முன்னாடியும்."

"வேணாங்க."

"ஏன் வேணாம்?"

"அவுரு எடுக்கலன்னா நான் வெளயாடப் போவாம இருந்துருவேனா? அது வேற, இது வேற."

போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

பத்தரைக்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. கம்மாபுரத்திலிருந்து மங்கலத்தின் பெரியப்பா மகன் கலியமூர்த்தி வேன் வைத்து ஆட்களோடு வந்திருந்தார். பெண்கள் மங்கலத்தைக் குளிப்பாட்டப் பின்கட்டுக்குத் தூக்கிப்போனார்கள். இளவரசி குடத்தை எடுத்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். கூப்பிட்டால் போகலாம் என்று இருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. புஷ்பவள்ளி வலது காலைப் பிடித்து இழுத்துத் திருப்பினாள்.

"அந்தக் கால அப்புடித் திருப்பாதீங்க" என்று இளவரசி கத்திவிட்டாள். "அதுல ராடு இருக்கு. முட்டிக்குக் கீழ கை குடுத்துத் தூக்குங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இனி எப்படித் திருப்பினாலும் வலிக்கப் போவதில்லை என்பது அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் பின்வாங்கவில்லை. புஷ்பவள்ளியை விலக்கிவிட்டு உட்கார்ந்து, தினமும் தூக்குவது போலவே முட்டிக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினாள். அதன் பிறகு தண்ணீர் ஊற்றியது, துடைத்தது, காதுக்குப் பின்னால் பவுடர் போட்டது எல்லாம் அவள்தான்.

குளிப்பாட்டிக் கூடத்தில் கிடத்தியபோது பந்தலில் கலியமூர்த்தி சத்தமாகக் கேட்டது காதில் விழுந்தது.

"அந்தப் பக்கத்து வூட்டுப் பொண்ணு பாத்துக்கறான்னுதான சொன்னீங்க? அவ எங்கய்யா போயிருந்தா?"

"பால் வாங்கப் போயிருந்தாங்க மாமா" என்றது ராஜ்கமலின் குரல். "போயிட்டு வர்றதுக்குள்ள இப்புடி ஆயிடுச்சு."

இளவரசி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பந்தலுக்கு வந்தாள். நாற்காலிகளில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். தெருக்காரர்கள் பாதி, சொந்தக்காரர்கள் பாதி. ராஜ்கமல் அவள் வருவதைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினான்.

"பால் வாங்கப் போவல மாமா" என்றாள். "கிரவுண்டுல ரிங்பால் வெளயாடப் போயிருந்தேன். டெய்லியும் போவேன். மங்கலம்மாவுக்குத் தெரியும். இன்னிக்கும் காப்பி குடிச்சுட்டு, நேரம் ஆச்சு கெளம்புன்னு அவுங்கதான் சொன்னாங்க."

கலியமூர்த்தி வெற்றிலையை ஒரு பக்கக் கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"நாப்பது வயசுப் பொம்பளைக்கு என்னாம்மா வெளயாட்டு?"

"நாப்பத்திரண்டு மாமா."

பின்வரிசையில் யாரோ இருமலாகச் சிரிப்பை மறைத்தார்கள். ராஜ்கமல் நாற்காலியின் பிளாஸ்டிக் கையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனைக் கூட்டத்தில் பொய்யனாக்கிவிட்டோம் என்பது உள்ளே குத்தியது. இருந்தாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. மங்கலத்தின் கடைசிக் காலையைப் பால் பாக்கெட்டோடு கட்டிவிட அவளால் முடியாது.

உள்ளே திரும்பியபோது ஜெயப்பிரகாஷ் செல்போனை உயர்த்திப் பிடித்து, ஃப்ளெக்ஸ் கடைக்காரன் அனுப்பிய மாதிரியைப் புஷ்பவள்ளிக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். "கண்ணீர் அஞ்சலி. தன் வாழ்வையே குடும்பத்துக்காக அர்ப்பணித்த தியாகச் சுடர்..."

"சார்" என்றாள் இளவரசி. "தியாகம்ன்றத எடுத்துடுங்க."

"என்னது?"

"அவுங்களுக்கு அந்த வார்த்த புடிக்காது."

ஜெயப்பிரகாஷ் செல்போனைத் தாழ்த்தினார். காலையிலிருந்து அடக்கிவைத்திருந்தது எல்லாம் ஒன்றாக வெளியே வந்தது.

"ஒங்களுக்கு என்னம்மா தெரியும்? அஞ்சு வயசுலேர்ந்து என்ன வளத்தவங்க. எனக்காகக் கல்யாணமே வேணாம்னு இருந்தவங்க. அவுங்களப் பத்தி எங்களுக்குச் சொல்லிக் குடுக்குறீங்களா? வெளயாட்டு நேரம் போவ மிச்ச நேரத்துல வந்து பாத்தவங்க நீங்க."

இளவரசிக்குக் கண்ணோரம் சுட்டது. அழுதுவிட்டால் எல்லோருக்கும் வசதியாகப் போய்விடும் என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஆமா சார். வேலை, வீடு, வெளயாட்டு எல்லாம் போவ மிச்ச நேரத்துலதான் பாத்தேன். என்கிட்ட இருந்தது அவ்ளோதான். அதுல ரெண்டு வருஷம் பாத்தேன்."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கொஞ்சம் பின்பக்கம் வாங்க. போன் தர்றேன்."

அவர் உடனே வந்தார். பின்கட்டில் குளிப்பாட்டிய தண்ணீர் இன்னும் வடியாமல் நின்றிருந்தது. துவைக்கிற கல்லின் மேல் யாரோ விட்டுப்போன சீயக்காய்ப் பாக்கெட். இளவரசி இடுப்பிலிருந்து போனை எடுத்து நீட்டினாள்.

ஜெயப்பிரகாஷ் வாங்கினார். பட்டனைத் தேடி அழுத்தினார். திரையில் வெளிச்சம் வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளிச்சம் அணைந்தது. மறுபடி அழுத்தினார்.

"பாத்தீங்களா?" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

"காலைலேயே பாத்தேன்."

"வேற யாரும்?"

"எங்க வீட்டுக்காரர் பாத்தாரு. சொல்ல மாட்டாரு."

அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். வேட்டியின் ஓரம் ஈரத்தில் நனைந்தது. கவனிக்கவில்லை.

"வாக்கிங்ல இருந்தேன்" என்றார். "பாத்தேன். அத்தைன்னு வந்துச்சு. காலைல கூப்புட்டாங்கன்னா பேப்பர்ல வந்தத அரை மணி நேரம் பேசுவாங்க. ஃப்ரெண்ட்ஸ் கூட இருந்தாங்க. வீட்டுக்குப் போயி பேசிக்கலாம்னு பையில போட்டுக்கிட்டேன்."

இளவரசி அவர் பக்கத்தில் கிடந்த சீயக்காய்ப் பாக்கெட்டை எடுத்து மடித்தாள்.

"இத வச்சுக்கிட்டா காலைலேர்ந்து நான் பேசுனதெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தீங்க? எல்லார் முன்னாடியும் சொல்லிருந்தா என்னைய என்னா பண்ணிருப்பாங்க."

"உங்களக் காட்டிக் குடுத்து நான் தப்பிக்க வேண்டியது இல்ல சார். நீங்க நடக்கப் போனீங்க. நான் வெளயாடப் போனேன். ரெண்டு பேரும் கொல பண்ணல."

ஜெயப்பிரகாஷ் போனை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். அவளிடம் கேட்பது போலவும் தனக்குள்ளேயே கேட்டுக்கொள்வது போலவும் சொன்னார்.

"நீங்க பக்கத்துல இருக்கீங்க. ஒங்களத்தான மொதல்ல கூப்புட்டுருக்கணும். ஏன் எனக்குப் போட்டாங்க?"

இளவரசிக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. போய் அதை இறுக்கி மூடினாள். மூடிய பிறகும் அதன் மேலேயே கை இருந்தது.

அவள் திரும்பியபோது அவர் எழுந்து தன் போனில் பேசிக்கொண்டிருந்தார். குரல் கம்மியிருந்தது. "ஆமாப்பா, நான்தான். அந்தத் தியாகச் சுடர் வர்ற லைன அப்படியே எடுத்துடு. வேறயா? டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் சூப்பர்வைசர், ஓய்வுன்னு போடு. முப்பத்தாறு வருஷம்னு போடு. ஆமா, அவ்வளவுதான். பெரிய எழுத்துல போடு."

அவளைப் பார்க்காமலே கூடத்துக்குப் போனார்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். வண்டியின் முன்னால் ஃப்ளெக்ஸைக் கட்டியிருந்தார்கள். மங்கலத்தின் பழைய போட்டோ, காதில் ஹெட்செட்டோடு எடுத்தது. ஜெயப்பிரகாஷ் அலமாரியில் தேடி எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். இளவரசியிடம்கூட மங்கலம் அதைக் காட்டியதில்லை. கலியமூர்த்தி அதைக் கொஞ்ச நேரம் நின்று படித்தார். ராஜ்கமல் ஒரு பக்கம் பாடையைத் தூக்கிக் கொடுத்தான். பறையும் வெடியும் தெருமுனை திரும்பி, கெடிலத்துப் பாலத்துப் பக்கம் தேய்ந்து போயின.

பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். இளவரசி கடைசி வாளித் தண்ணீரை ஊற்றித் தள்ளிவிட்டு, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "ராத்திரிக்கு எல்லாருக்கும் ஏதாச்சும் பண்ணணுமேம்மா, ஒன் வீட்டு அடுப்புலயே வச்சுடலாமா?" என்று கம்மாபுரத்து அம்மாள் ஒருத்தி கேட்டாள்.

"ஹோட்டல்ல சொல்லிக்குங்கம்மா" என்றாள் இளவரசி. "என்னால இன்னிக்கு முடியாது."

வீட்டுக்கு வந்து தலையில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ஈரத்தலையைத் துண்டால் சுற்றிக் கட்டினாள். காலையில் கட்டி வைத்த மூன்று டிபன் பாக்ஸில் இரண்டு மேடையிலேயே இருந்தன. சிங்க்கில் பாத்திரம் வழிந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் பையோடு நின்ற ஸ்ரீமதி, "நான் வெளக்கட்டாம்மா?" என்றாள். "கெடக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே, தெருக்கதவு விரியத் திறந்து கிடக்க, வெறும் தரையில் படுத்தாள்.

வெயில் இறங்குவதற்குள் சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பத் தொடங்கினார்கள். ராஜ்கமல் ஈர வேட்டியோடு வந்து படியில் நின்றான். அவனுக்குப் பின்னால் தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராக இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

"உள்ரூம்ல போய்ப் படேன்" என்றான் மெதுவாக. "வர்றவங்க போறவங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும்" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

அவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கதவைச் சாத்தாமல், படியிலேயே, அவளுக்கு முதுகு காட்டித் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

அவள் ஒருக்களித்துத் திரும்பிப் படுத்தாள். காற்றுக்குப் புடவை ஓரம் விலகியது. இரண்டு பாதமும் தெருவைப் பார்த்து இருந்தன. இளவரசி வெறுங்காலோடு ஆடுகிறவள். அத்தனை தண்ணீர் ஊற்றியும் குதிகால் வெடிப்புகளில் மைதானத்து மண் போகாமல் ஒட்டியிருந்தது.